பதில் பாட்டு

குயின்ஸ்லாந்து மாந்தோப்பிலிருந்து

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் முழங்கால் வலி தேவலையா? தம்பி மீன் பிடிக்கப் போறானா, இல்ல தூங்கியே பொழுதைக் கழிக்கிறானா? நான் நல்லா இருக்கேன். வலது கை மட்டும் கொஞ்சம் வீங்கியிருக்கு. பயப்படாதே, வேலையில பட்டதில்லை, பாட்டுல பட்டது.

என்னோட மாங்காய் பறிக்கிற லோசலினியோட அம்மா நம்ம நானுமியா தீவுல இறந்துட்டாங்க. மண் போட இவளால போக முடியலை. அதுக்கப்புறம் சாப்பாடும் இல்லை, பேச்சும் இல்லை. அவளைக் கண்டாலே எல்லாரும் குசுகுசுன்னு பேசினாங்க. எனக்கு அது பிடிக்கலை. ஞாயிறு ஆராதனை முடிஞ்சதும் தாளம் தட்ட மரப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டேன். நம்ம ஊர் போட்டிப் பாட்டு ஃபாதெலே பாட இரண்டு அணியாப் பிரிஞ்சோம். அவ எதிரணி.

"லோசலினி பக்கம் அடுப்பே எரியலை, ஆள் இருக்கா இல்லையா?"

வேகம் ஏத்தி ஏத்தி இதையே பாடினோம். பதில் பாடாத அணியை நம்ம ஆளுங்க சும்மா விடுவாங்களா? கேலி தாங்காம எழுந்து வந்தா.

"தாளமும் தெரியலை, பாட்டும் தெரியலை. நகருடி!"

பெட்டியை அடிச்சுப் பாடினா: "அம்மா, உன் மண்ணை என் கை தொடலை, என் பாட்டு தொடட்டும்."

எல்லாரும் அழுதுகிட்டே சேர்ந்து பாடினோம். அன்னைக்கு அவ வயிறார சாப்பிட்டா. யார் என்ன சொன்னாலும் இனி வாராவாரம் பாட்டுதான்.

ஊருக்கு வர்ற பெனினாகிட்ட இதைக் கொடுத்தனுப்புறேன். அவ திரும்பும்போது ஓலை விசிறி ஒண்ணு கொடுத்துவிடு. கடையில வாங்காதே, நீயே பின்னு.

வண்டி வந்துடுச்சு. உனக்கும் ஒரு பாட்டு கட்டியிருக்கேன்:

"கடலுக்கு இந்தப் பக்கம் பெட்டியைத் தட்டுறேன்,
அந்தப் பக்கம் ஆள் இருக்கா?"

பதில் வரலைன்னா தோத்தது நீதான்.

உன் செலெபா