உனக்கு வந்து சேராத குரல்

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மருமகளும் குட்டியும் சுகமாக இருப்பீர்கள், அப்படியே இருக்க வேண்டும். நானும் சுகந்தான், முழங்கால் மட்டும் படியைக் கண்டால் முறைக்கிறது. போன் இருக்கக் காகிதம் எதற்கு என்று நினைப்பாய், சொல்கிறேன். நம் கட்டடத்துக்கு வாட்ஸ்அப் குழு இருக்கிறதல்லவா, போன தடவை வந்தபோது நீதான் என்னை அதில் சேர்த்துவிட்டாய். தண்ணீர் வராது, லிஃப்ட் ஓடாது, யார் வண்டி வழியை மறித்து நிற்கிறது, எல்லாம் அதில்தான். காலையில் ஆளாளுக்குப் பூப்படம் போட்டு வணக்கம் சொல்வார்கள், அதே ஆட்கள் லிஃப்டில் பக்கத்தில் நின்றால் கூரையைப் பார்ப்பார்கள். நமக்கு நேர் கீழ்வீட்டுத் தையற்காரம்மாவுக்கு அதில் பெரிய வாய். நம் கொடியிலிருந்து ஈரம் சொட்டுகிறதென்று என் போர்வையைப் படம் பிடித்துப் போட்டவள், அதோடு எங்களுக்குள் பேச்சு நின்றது.

போன வாரம் ஒரு மத்தியானம் உன்னிடம் பேச வேண்டும் போலிருந்தது. வேலையில் இருப்பாயே என்று குரலைப் பதிந்து அனுப்பினேன். வழக்கம்போல நல்லா இருக்கேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன், என்னென்னவோ வந்துவிட்டது. அனுப்பிவிட்டுப் பார்த்தால் அது உனக்குப் போகவில்லை, குழுவுக்குப் போயிருக்கிறது! அவசர அவசரமாக அழித்தேன், மறைந்தது, அப்பாடா என்று படுத்துவிட்டேன். என் போனில் மட்டுந்தான் அழிந்ததாம், மற்ற எல்லா வீட்டிலும் அப்படியே இருந்திருக்கிறது, எனக்கு எப்படித் தெரியும்? மறுநாள் லிஃப்டில் வங்கிக்காரர் தரையைப் பார்த்தார். காவலாளி கேட்காமலே என் பையை வாசல்வரை தூக்கி வந்தார். குழுவில் மட்டும் யாரும் மூச்சு விடவில்லை, பூப்படங்கள் வந்துகொண்டே இருந்தன.

சாயங்காலம் தையற்காரம்மா கதவைத் தட்டினாள். சண்டைக்குத்தான் என்று நினைத்து, இன்னிக்கு நான் துணியே காயப்போடலயேம்மா என்றேன். அவள் உள்ளே வந்து உட்கார்ந்து, அக்கா, நீங்க பேசினதக் கேட்டேன் என்றாள். எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. கோவிச்சுக்காதீங்க, அத அப்படியே என் மகளுக்கு அனுப்பிட்டேன், எனக்குச் சண்ட போடத்தான் வாய் வரும், இப்படிச் சொல்ல வராது என்றாள். கோபித்துக்கொண்டு போன மகள், வருடக்கணக்காகப் பேச்சில்லை. அதைக் கேட்டுவிட்டு உடனே கூப்பிட்டாளாம். சொல்லும்போதே அழுதாள், நானுந்தான். டீ போட்டேன், இரண்டு டம்ளர் எடுத்து எத்தனை காலமாயிற்று.

அவள் போன பிறகுதான் உறைத்தது. யார் பெற்ற பிள்ளையோ கேட்டுவிட்டது, நீ இன்னும் கேட்கவில்லை. மறுபடி அதை வாயால் சொல்ல எனக்கு வராது, அதனால்தான் இந்தக் காகிதம். அதில் சொன்னது இவ்வளவுதான். அப்பா போன பிறகு என் குரலே எனக்குக் கேட்பதில்லை. பால்காரரிடம் சில்லறை இல்லை என்றதே சில நாளைக்கு முழுப் பேச்சு. கூடத்தில் டிவியை ஓடவிட்டுச் சமையலறையில் நிற்கிறேன், ஆள் இருப்பதுபோல. நான் பத்து வரி எழுதினால் நீ ஒரு கட்டைவிரல் படம் அனுப்புகிறாய். விரல் வேண்டாம் கண்ணா, குரல் வேண்டும்.

குளிரில் காதை மூடிக்கொண்டு போ. குட்டிக்கு என் முத்தம். மூவரும் நோய்நொடி அண்டாமல் நூறாண்டு இருங்கள். பதில் எழுத வேண்டாம், கூப்பிடு. எந்த நேரமானாலும் சரி, எடுக்கிற பச்சைப் பொத்தான் எனக்கு நன்றாகத் தெரியும்.

இப்படிக்கு,
உன் அம்மா