வெள்ளை அணுக்களும் செல்லம்மாவின் காலும்

என் பிரியமுள்ள மச்சான் கோவிந்தசாமிக்கு,

நீ போனபிறகு வெள்ளை அணுக்களைப் பற்றிப் பேச இந்தப் பினாங்கில் எனக்கு ஆளில்லை. பதினெட்டு வருஷம் ஆசுபத்திரியில் புண்ணுக்குக் கட்டுப் போட்டவன் நீ. சீழைப் பார்த்து முகம் சுளிப்பவர்களிடம், "அதெல்லாம் நமக்காகச் சண்டை போட்டுச் செத்ததுங்க, கொஞ்சம் மரியாதையாப் பாருங்க" என்பாய். பந்தியில் உட்கார்ந்தும் சொல்வாய். உன்னை இரண்டாம் முறை விருந்துக்கு அழைத்தவர்கள் குறைவு.

சேதிக்கு வருகிறேன். உன் மனைவி, என் தங்கை செல்லம்மா, போன மாதம் சாக்கடை ஓரம் கிடந்த துருப்பிடித்த பீப்பாய் வளையத்தை மிதித்துவிட்டாள். வலது உள்ளங்கால் பிளந்துவிட்டது. மூன்று வாரமாகியும் ஆறவில்லை. பெரிய டாக்டர் ஒரு திங்கட்கிழமை அதை உப்புநீரில் கழுவிக் கட்டினார். வெள்ளிக்கிழமைவரை அவிழ்க்கக் கூடாது, அன்றைக்கும் புதுச் சதை வரவில்லையென்றால் பாதத்தை எடுக்க வேண்டியிருக்கும் என்றார். தெருத்தெருவாக இடியாப்பக் கூடை சுமக்கிறவளிடம் அதைச் சொன்னார்.

வெளியே வந்ததும், "நடக்காம எப்படிண்ணே விக்கிறது?" என்று மட்டும் கேட்டாள்.

ஏன் ஆறவில்லை என்று உனக்குச் சொல்ல வேண்டுமா? நம் ஆட்களின் பாசம்தான். நலம் விசாரிக்க வருகிறவருக்குப் புண்ணைத் திறந்து காட்டாவிட்டால் அவருக்கு மரியாதைக் குறைவு. பார்த்தவர் ஒரு மருந்தும் வைக்காமல் போனால் நமக்கு மரியாதைக் குறைவு. அவளுக்கு வேண்டியவர்கள் நிறைய. ஒரு நாளைக்கு ஐந்து தடவை கட்டு அவிழ்ந்தது. முளைத்த சதையெல்லாம் துணியோடு ஒட்டிக்கொண்டு போனது.

நீ சொன்னது ஞாபகம் வந்தது. "வெள்ளை அணுவுல முதல்ல வர்றவன் கிருமியத் தின்னுட்டுச் சாவான். பின்னால பெரிய உருவமா ஒருத்தன் வருவான். செத்தவனையும் குப்பையையும் தின்னு எடத்தைச் சுத்தம் பண்ணுவான். அவன் விடுற ஏதோ சாறுதான் புதுச் சதையக் கூப்பிடுதுன்னு டாக்டருங்க நெனைக்கிறாங்க. நாம பண்ற ஒத்தாசை ஒண்ணுதான் மச்சான், அவன் வேலை செய்யிற எடத்துல போய் நிக்காம இருக்கிறது."

நிற்காமல் இருக்க நம்மவர்களால் முடியுமா? திங்கட்கிழமை சாயங்காலமே சாப்பாட்டுக் கடை காதர் அண்ணன் காப்பித்தூளோடு வந்தார். பக்கத்து வீட்டு அன்னம்மா அக்கா மஞ்சளோடு வந்தாள். டாக்டர் சொன்னதைச் சொன்னேன்.

"நாங்க என்ன அன்னியமா? தொறந்து காட்டு லா" என்றார் காதர்.

உள்ளே போய் செல்லம்மாவின் நல்ல இடது உள்ளங்காலில் குங்குமத்தைக் குழைத்துப் பூசி, அதற்கும் ஒரு கட்டுப் போட்டேன். திரும்பி வந்து, "இந்தக் காலுக்கும் பரவிடுச்சு போலண்ணே. இதைப் பாத்துச் சொல்லுங்க" என்றேன். செல்லம்மா சுவரைப் பார்த்துக்கொண்டாள். இருவரும் மருந்து வைத்துக் கட்டிவிட்டுப் போனார்கள்.

மறுநாள் காதர் அவிழ்த்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "ஒரே நாள். தழும்புகூட இல்ல. காப்பித்தூள்னா என்னன்னு நெனைச்சே?"

"மஞ்சள் வச்சது யாராம்?" என்றாள் அன்னம்மா.

"மஞ்சள் கறிக்குப் போடுறது அக்கா."

"ஒங்க கடைக் கறிக்கு அதுவும் போடறதில்லையே."

வலது காலுக்கு யார் மருந்து என்று முடிவாகாமல், வெள்ளிக்கிழமைவரை இந்த வைத்தியப் போட்டி இடது காலிலேயே நடந்தது. நாலு நாளும் இடது கால் எல்லோருடைய பாசத்தையும் தாங்கியது. வலது கால், நீ சொன்ன ஆட்களிடம் நிம்மதியாகக் கிடந்தது.

டாக்டர் வலது காலை அவிழ்த்தார். மணிமணியாகச் சிவந்த புதுச் சதை. குனிந்து பார்த்து, "கால் பிழைத்தது" என்றார். பிறகு மஞ்சளும் கருப்புமாக இருந்த இடது காலைப் பார்த்து, "இது என்ன?" என்றார்.

"விருந்தாளிகள்" என்றேன்.

திரும்பும்போது ரிக்‌ஷாவில் செல்லம்மா கேட்டாள்: "அவரு நெஞ்சுல சளி கட்டிச் சாகக் கெடந்தப்போ இந்த வெள்ளை அணுவெல்லாம் எங்கண்ணே போச்சு?"

"எங்கயும் போகல. கடைசி மூச்சுவரைக்கும் அங்கதான் நின்னிருக்கும். எதிரி ரொம்ப அதிகம்."

கொஞ்ச தூரம் போனபிறகு, "அப்ப அவரு தனியாப் போகல" என்றாள். நான் சொன்னது சரிதானே, மச்சான்? நீயாக இருந்தால் வேறு என்ன சொல்லியிருப்பாய்?

தோல் முழுதும் மூட இன்னும் சில வாரம் ஆகுமாம். மூடும், எனக்குச் சந்தேகமில்லை. அதுவரை அவள் வலது காலை ஒருவரும் திறக்க விடமாட்டேன், இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு. இடது கால் இனி அவளுக்கு நடப்பதற்கு வேண்டும். புண்ணைப் பார்த்தே தீரவேண்டும் என்று வருகிறவர்களுக்கு என்னுடைய கால்கள் இரண்டு இருக்கின்றன.

உன் பெண்டாட்டியின் அண்ணன், உன் மச்சான்,
முத்தையா