உதடு சேர, பல் பிரிய

மார்ச் 4, செவ்வாய்

பல் உடைந்துவிட்டது. கல்லைக் கடித்தேன், எலும்பைக் கடித்தேன் என்றாலாவது நாலு பேரிடம் சொல்லிக்கொள்ளலாம். கடித்தது ரொட்டி. அதுவும் பஞ்சு மாதிரி இருக்கும் நடுப்பகுதி. இடது கடைவாயில் 'டிக்' என்று ஒரு சத்தம். துப்பிப் பார்த்தால் வெள்ளையாக ஒரு சில்லு.

இவர் கூடத்தில் ரப்பர் விரிப்பைப் போட்டுக் கண்மூடி உட்கார்ந்திருந்தார். கண்ணைத் திறக்காமலே, "என்னாச்சு?" என்றார்.

"ஒண்ணுமில்ல."

"எதுவா இருந்தாலும் மூச்சை மெதுவா உள்ள இழு. சரியாயிடும்."

இழுத்தேன். உடைந்த பல்லில் காற்றுப் பட்டு உயிர் போனது.

மார்ச் 6, வியாழன்

பல் டாக்டர் சின்னப் பெண். என் மகளைவிட ஏழெட்டு வயது மூத்தவளாக இருந்தால் அதிகம். வாயைப் பிளந்து விளக்கை அடித்து வெகுநேரம் பார்த்தாள்.

"சொத்தை எதுவுமில்ல மேடம். இது கடிச்சுக் கடிச்சு வந்த விரிசல். பக்கத்துப் பல்லெல்லாம்கூட தேய்ஞ்சிருக்கு. தூக்கத்துல பல்லைக் கடிப்பீங்களா?"

"தூங்கறப்ப நான் எப்படிப் பார்க்கறது?"

சிரித்தாள். "பகல்லயும் கடிக்கிறீங்க. இப்பவே கடிச்சுக்கிட்டுதான் உட்கார்ந்திருக்கீங்க."

உண்மைதான்! தாடை இரண்டும் பூட்டுப் போட்ட மாதிரி இருந்தது.

சும்மா இருக்கும்போது மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொடவே கூடாதாம். "உதடு சேர்ந்திருக்கணும், பல்லு பிரிஞ்சிருக்கணும். அவ்வளவுதான்." இத்தனை வயது வரை எனக்கு இதை யாருமே சொல்லவில்லை. வாயை மூடினால் பல்லும் மூடும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அங்கங்கே ஒரு பொட்டு ஒட்டி வைக்கச் சொன்னாள். பொட்டு கண்ணில் பட்டால் தாடையைக் கவனிக்க வேண்டும். பழகும்வரை கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். உடைந்த பல்லுக்குக் கேப். இரவில் மாட்டிக்கொள்ள ஓர் உறை. கடித்த பழக்கத்துக்கு மட்டும் மருந்து கிடையாதாம்.

மார்ச் 7, வெள்ளி

மகள் கல்லூரிக்கு வாங்கி வைத்திருந்த சிவப்புப் பொட்டு ஸ்டிக்கர்களைக் கொடுத்தாள். ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், இஸ்திரிப் பெட்டி, குளியலறைக் கண்ணாடி, கைபேசியின் முதுகு, அலுவலகத்தில் என் மேசைத் தொலைபேசி.

இவர் நடைப்பயிற்சி முடித்து வந்து சுற்றிலும் பார்த்தார். "என்ன, வீட்டுக்கு அம்மை போட்டிருக்கா?"

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. சிரித்தால் வலிக்கிறது.

மார்ச் 10, திங்கள்

பார்த்தபோதெல்லாம் கடித்துக்கொண்டுதான் இருக்கிறேன். இதற்குப் பெயர் விழிப்புணர்வாம். தெரியாமல் கடித்துக்கொண்டிருந்தபோதே நிம்மதியாக இருந்தேன்.

மார்ச் 13, வியாழன்

அலுவலகத்தில் மகிழ்ச்சிப் பயிற்சி! மேலாளர் ஏற்பாடு. என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். எல்லாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார், என்னை மட்டும் 'அக்கா'. மரியாதை என்றுதான் முதலில் நினைத்தேன். போகப் போகத்தான் தெரிந்தது, 'அக்கா' என்றால் பின்னாலேயே ஒரு வேலை வரும்.

பயிற்சியாளர் எல்லார் கையிலும் ஒரு குட்டிக் கண்ணாடியைக் கொடுத்து, "உங்களைப் பார்த்து நீங்களே புன்னகை பண்ணுங்க" என்றார். மெக்கானிக்குகள் பத்துப் பேரும் கிரீஸ் கையோடு கண்ணாடியைப் பார்த்து இளித்துக்கொண்டு நின்றார்கள். அந்த நேரம் பார்த்து என் மேசையில் மணி அடித்தது. நல்லவேளை. எங்கேயோ லிஃப்ட் நின்றுவிட்டது.

என் வேலை அதுதான். லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்கள் அவசரப் பொத்தானை அழுத்தினால் அழைப்பு என்னிடம் வரும். எந்தக் கட்டடம், எத்தனை பேர், யாருக்காவது மூச்சுத் திணறுகிறதா என்று கேட்டு, மெக்கானிக்கை அனுப்பிவிட்டு, அவர் போய்ச் சேரும்வரை பேசிக்கொண்டே இருக்க வேண்டும். "கதவை நீங்களா திறக்கப் பார்க்காதீங்க. உள்ள காத்து வரும். பயப்படாதீங்க, நான் லைன்லயே இருக்கேன்."

இன்று ஓர் அம்மா உள்ளே இருந்து என்னைத் திட்டு திட்டென்று திட்டினார். பேசிக்கொண்டே தொலைபேசியில் இருந்த பொட்டைப் பார்த்தேன். கவனித்தேன். பல் பிரிந்திருந்தது!

இது எப்படி? இங்கேதானே நான் கடிக்க வேண்டும்?

மார்ச் 16, ஞாயிறு

இன்று என் விடுமுறை. ஆனால் அலுவலகத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். காலையில் மேலாளர் கைபேசியில் கூப்பிட்டார். "அக்கா, ஆள் இல்லக்கா. நீங்கதான் பார்த்துக்கணும்." "சரி தம்பி" என்றேன்.

சொல்லிவிட்டுக் கைபேசியைத் திருப்பினால் சிவப்புப் பொட்டு. தாடை இறுகிக் கல்லாகக் கிடந்தது.

மார்ச் 19, புதன்

இவர் மட்டும் நன்றாக இருக்கிறார். விடிவதற்குள் எழுந்து நடக்கிறார், மூச்சுப் பயிற்சி செய்கிறார், கீரையை அரைத்துக் குடிக்கிறார், இரவு படுத்த உடனே தூங்கிவிடுகிறார். முகத்தில் ஒரு தெளிச்சி. என் தங்கைகூடப் போன வாரம் வந்தபோது, "மாமா பத்து வயசு குறைஞ்சிட்டாரே" என்றாள். அந்தப் பத்தும் எங்கே போயிருக்கும் என்று கண்ணாடியைப் பார்த்தால் தெரிகிறது.

போன வருடம் இவர் இருந்த நிலை எனக்கு மறக்காது. காப்பீட்டு அலுவலகத்தில் இருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருப்பார். தூக்கமில்லை. ரத்த அழுத்தம் எங்கேயோ நின்றது. "வேலையை விட்டுட்டு ஒரு ஆறு மாசம் மூச்சு விட்டுக்கறேனே" என்று கேட்டார். சரி என்றேன். ஆறு மாதம் எப்போதோ முடிந்துவிட்டது. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எனக்கு ஞாயிறு வேலை வந்தது.

மிக்சியைக் கழுவாமல் வைத்திருந்தார். கீரை காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. சுரண்டிக்கொண்டிருந்தேன்.

"சொல்லு, நான் என்ன பண்ணணும்? சொன்னா பண்ணிடுவேன்ல?" என்றார் அன்பாக.

என்ன செய்ய வேண்டும் என்று யோசிப்பதும் என் வேலைதானா? சொன்னேன். செய்தார். குறை சொல்ல முடியாது. அதுதான் எரிச்சல்.

மார்ச் 25, செவ்வாய்

இன்று அசிங்கமாகிவிட்டது.

காலையில் எழும்போதே தாடை திறக்கவில்லை. ஒரு விரல் நுழையும் அளவுக்குத்தான் வாய் பிரிந்தது. வெந்நீர்த் துணியை ஒத்திக்கொண்டு வேலைக்குப் போய்விட்டேன். லீவு போட்டிருக்கலாமே? தோன்றவில்லை.

மதியம் ஓர் அழைப்பு. இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்ட லிஃப்டில் தனியாக ஓர் ஆள். வழக்கமாகச் சொல்வதெல்லாம் சொன்னேன். பல்லுக்கு இடையில் புகுந்துதான் வார்த்தை வந்தது.

பிறகு, "மேடம், ஏன் பல்லைக் கடிச்சுக்கிட்டுப் பேசறீங்க? நான் என்ன தப்புப் பண்ணேன்? நின்னுபோனது லிஃப்ட்தானே?" என்றார்.

"உங்க மேல இல்ல சார்" என்றேன்.

"அப்ப யார் மேல?"

மெக்கானிக் போய்ச் சேரும்வரை இரண்டு பேரும் சும்மா லைனில் இருந்தோம்.

மார்ச் 27, வியாழன்

பல் டாக்டர் தாடையைப் பிடித்து நீவிவிட்டாள். சிரிக்கவில்லை. "இப்படியே போனா வாயே திறக்க முடியாமப் போயிடும் மேடம். எப்ப கடிக்கிறீங்கன்னு கவனிச்சீங்களா?"

கவனித்தேன். யாராவது கத்தும்போது இல்லை. வேலை நெருக்கும்போதும் இல்லை. 'சரி' என்று சொன்ன அடுத்த நொடி. அவளிடம் அதைச் சொன்னபோது, என் காதுக்கே பைத்தியக்காரத்தனமாக இருந்தது.

"அதுக்கு என்கிட்ட கேப் கிடையாதே" என்றாள்.

ஏப்ரல் 5, சனி

கை ஓடவில்லை. எழுதிவிடுகிறேன்.

சாயங்காலம் சாப்பிடும்போது இவர் பேச்சை எடுத்தார். மலைப்பக்கம் எங்கேயோ மௌன முகாம். பத்து நாள் யாரும் யாரோடும் பேசாமல் இருப்பார்களாம். அது முடிந்து வந்தபிறகு இந்த வருடம் முழுதும் இப்படியே இருந்துவிட்டு, அடுத்த வருடம் வேலையைப் பற்றி யோசிக்கலாம் என்றார். "இப்பதான் நான் நானா இருக்கேன். உனக்கும் சரிதானே?"

சரி என்ற சொல் நாக்குநுனிக்கு வந்துவிட்டது. பல்லோடு பல் மோதுவதும் தெரிந்தது. எனக்கு அந்த வலி இப்போது அத்துப்படி.

"சரியில்ல."

மகளின் கரண்டி அப்படியே நின்றது.

"என்ன?"

"சரியில்லன்னேன்."

"இப்ப திடீர்னு என்ன?"

"திடீர்னு இல்ல. அப்பவே சரியில்ல."

"அப்ப கேட்டேனே! நீதானே சரின்னே?"

"சொன்னேன். பல்லைக் கடிச்சுக்கிட்டு சொன்னேன். நீங்க இருந்த இருப்புல வேற என்ன சொல்றது? மாட்டேன்னு சொல்லி உங்களுக்கு ஏதாவது ஆயிட்டா? ஆறு மாசம்னீங்க. நான் ஞாயித்துக்கிழமையும் போறேன். வந்து மிக்சி கழுவறேன். நீங்க கண்ண மூடிக்கிட்டு என்னை மூச்சு விடச் சொல்றீங்க!"

கத்தியிருக்கிறேன் போல. பக்கத்து வீட்டு ஜன்னல் சாத்தும் சத்தம் கேட்டது.

இவர் முகம் சுண்டிப்போய்விட்டது. "என் நிம்மதிக்கு உன் பல்லைத்தான் கொடுத்தியாக்கும்?" என்றார். கேலியாகத்தான் ஆரம்பித்தார், முடிக்கும்போது குரல் கேலியாக இல்லை. தட்டை எடுத்துக் கழுவி வைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

மனத்தில் உள்ளதைச் சொன்னால் பாரம் இறங்கும் என்கிறார்கள். ஒன்றும் இறங்கவில்லை.

ஏப்ரல் 8, செவ்வாய்

பேச்சு இல்லை. "முகாமுக்குப் போகாமலே அப்பாவுக்கு மௌனம் கிடைச்சிடுச்சு" என்றாள் மகள். அடிக்கக் கை ஓங்கினேன். பிறகு இருவருமே சிரித்துவிட்டோம்.

ஏப்ரல் 11, வெள்ளி

"அக்கா, இந்த ஞாயிறு..."

"முடியாது தம்பி."

"என்னக்கா, உடம்பு சரியில்லையா?"

"உடம்பு நல்லாத்தான் இருக்கு. வர முடியாது."

விழித்தார். போனார். நான் தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் வேறு ஆளைப் பிடித்துவிட்டார்! அவ்வளவுதானா? இத்தனை ஞாயிற்றுக்கிழமையும் நான் இல்லாவிட்டால் அந்த லிஃப்டுகள் எல்லாம் அந்தரத்தில் தொங்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேனே! அந்த எரிச்சலில் மாலை வரை கடித்துக்கொண்டே இருந்தேன்.

ஏப்ரல் 17, வியாழன்

இவர் சொன்னார், மிக்சியைக் கழுவிக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல்: "பழைய நண்பன் ஒருத்தன் கணக்கு பார்க்க ஆள் கேட்டான். அரை நாள் வேலை. திங்கள்ல இருந்து போறேன்."

"முடியுமா?"

"தெரியாது."

மிக்சியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "ஒண்ணு மட்டும். காலைல நடக்கறதை விட மாட்டேன்" என்றார்.

"அதை யார் விடச் சொன்னது?"

ஏப்ரல் 21, திங்கள்

இவர் வேலைக்குக் கிளம்பிச் சட்டை போட்டுக்கொண்டார். ஒரு பொத்தான் மாறிப்போய்க் காலர் கோணிக்கொண்டு நின்றது. போன வருடம் பார்த்த அதே முகம்.

'வேண்டாம், விடுங்க, நான் பார்த்துக்கறேன்.' வாய் வரைக்கும் வந்துவிட்டது. சொல்லியிருந்தால் இவர் உட்கார்ந்திருப்பார். எனக்கும் பழகிப்போன அந்த வலி திரும்பி வந்திருக்கும்.

அருகில் போய்ப் பொத்தானைச் சரியாகப் போட்டுவிட்டேன். "மூணு மணிக்கு வந்துடுவீங்கல்ல? வந்ததும் எப்படி இருந்துச்சுன்னு மறைக்காம சொல்லணும். தாங்கலைன்னா அதையும் சொல்லணும். ரெண்டு பேரும் சேர்ந்து யோசிப்போம்."

"சரி" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து, "இது நிஜ சரி" என்றார்.

மூன்று மணிவரை எனக்கு வேலையே ஓடவில்லை.

மே 3, சனி

கேப் போட்டாயிற்று. பக்கத்துப் பற்களைப் பார்த்துவிட்டு, "இன்னும் கடிக்கிறீங்க மேடம். ஆனா குறைஞ்சிருக்கு" என்றாள் டாக்டர். குறைந்திருக்கிறது என்பதைப் பிடித்துக்கொள்ளாமல், இன்னும் கடிக்கிறேன் என்பதையே வீடு வரை மென்றுகொண்டு வந்தேன். என் புத்தி அப்படி.

இவருக்கு வாரத்தில் இரண்டு நாள் வேலை சுமுகம், ஒரு நாள் மோசம், மற்ற நாள்களில் ஒன்றும் சொல்லத் தோன்றவில்லையாம். நேற்று மோசமான நாள். பேசாமல் படுத்துவிட்டார். எனக்குப் பயமாக இருந்தது. காலையில் அவராகவே எழுந்து நேற்று நடந்ததைச் சொன்னார்.

மே 18, ஞாயிறு

இவரோடு நடக்கப் போனேன். வாக்குவாதம் தெருமுனையிலேயே ஆரம்பித்துவிட்டது. இவர் எப்போதும் பூங்கா பக்கமாகத்தான் போவாராம். எனக்கு ரயில் பாதை ஓரமாகப் போக ஆசை. சொன்னேன். "அங்க நிழலே இருக்காது" என்றார். "இருக்கட்டும், எனக்கு ரயில் பார்க்கணும்" என்றேன்.

ரயில் பாதைப் பக்கம்தான் போனோம். நிழல் இல்லை. வழியெல்லாம் குழாய்க்காகத் தோண்டிப் போட்டிருந்தார்கள். ரயிலும் வரவில்லை. இவர் ஷூவெல்லாம் சேறு. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே நடந்தார்.

முன்பென்றால் அந்த முகத்தைப் பார்த்த உடனே, சரி, பூங்காவுக்கே போகலாம் என்று திரும்பியிருப்பேன். இன்று இவர் பாட்டுக்கு முறைத்துக்கொண்டு வந்தார், நான் என் பாட்டுக்கு வேடிக்கை பார்த்துக்கொண்டு நடந்தேன். ரயில் பாலம் வரை போனோம்.