சிலுவையில் என் பெயர்

நவம்பர் 2, கல்லறைத் திருநாள்

விழுப்புரம் கல்லறைக்குப் போய்விட்டு இருட்டும் நேரத்தில் திண்டிவனம் வீடு வந்து சேர்ந்தேன். எனக்கும் ஆரோக்கியத்துக்கும் விவாகரத்து ஆகிவிட்டது. ஆனாலும் வருடா வருடம் எங்கள் பாப்பாவின் கல்லறைக்கு இருவரும் வருவது நிற்கவில்லை. இன்று எனக்கு முன்பே வந்து சிலுவைக்கு வெள்ளையடித்திருந்தார். கறுப்பு பெயின்ட்டால் எழுத்துகளைப் புதுப்பித்துக்கொண்டிருந்தார். பாப்பா பெயர், கீழே அவர் பெயர், அடுத்து என் பெயர். அதில் பாதி எழுதும்போது திரும்பாமலே பேசினார்.

"வீட்ல வேற பொண்ணு பாத்துக்கினு இருக்காங்க. மாதா கோயில்ல கட்டணும்னா கோர்ட்டு விவாகரத்து பத்தாதாம், நம்ம கல்யாணம் மொதல்லேர்ந்தே செல்லாதுன்னு திருச்சபையில தீர்ப்பு வாங்கணுமாம். சாமியாரு உன்னையும் கூப்டு கேப்பாரு. வந்து ஆமான்னு சொல்லிடு."

கோர்ட்டில் கூட, இருந்த கல்யாணம் முடிந்தது என்றுதான் சொன்னார்கள். இவர் அது இருக்கவே இல்லை என்று சொல்லச் சொல்கிறார். அதுவும் பாப்பா எதிரில்.

"மொதல்ல பேர எழுதி முடிங்க" என்றேன்.

ஓர் எழுத்தும் கோணாமல் எழுதி முடித்தார். டப்பாவை மூடி வைக்க அந்தப் பக்கம் போனார். நான் மெழுகுவத்தி ஏற்றிவிட்டுப் பஸ் ஏறிவிட்டேன்.

சோப்பு போட்டும் விரலில் கறுப்பு போகவில்லை. காய்வதற்குள் என் பெயரைத் தொட்டுப் பார்த்திருக்கிறேன்.