கல்யாண வீட்டில் பேசாத தகப்பன்

மலையிலிருந்து மார்கழிக் காற்று இறங்கிவிட்டது. காலையில் கண்ணாடியில் பார்த்தால் கீழுதடு கரிசல் காடு மாதிரி வெடித்திருக்கிறது. மருமகள் ஒரு களிம்புக் குச்சியைக் கொண்டுவந்து வைத்தாள், ஸ்ட்ராபெர்ரி வாசனை. எழுபது வயது நெய் வியாபாரியின் உதட்டில் ஸ்ட்ராபெர்ரி! சிரிக்கப் போனேன், வலித்தது. நாக்கு தானாக உதட்டைத் தேடிப் போனது. "நக்காதலே! எச்சி காயக் காய இன்னும்தான் வெடிக்கும்" என்று உன் அதட்டல் கேட்டது. நீ போய் எத்தனையோ வருஷமாகிறது. அதட்டல் மட்டும் போகவில்லை.

ராஜபாளையம் பேண்டு செட்டில் ட்ரம்பெட் உனக்கு. பனிக்காலம் வந்தால் ஸ்ரீவில்லிபுத்தூரில் என் கடைக்கு வந்து, விரல் நுனியில் நெய் தொட்டு உதட்டில் பூசிக்கொள்வாய். "என்னலே, லிப்ஸ்டிக்கா?" என்று செட்டே கேலி செய்யும். "ஒங்களுக்குக் கைதான் பொழப்பு, எனக்கு ஒதடு" என்பாய்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், உன் மகள் கல்யாணத்துக்கு ஒரு வாரம்கூட இல்லாதபோது, பிளவக்கல் பக்கம் வாசித்துவிட்டு விடியற்காலைப் பனியில் மொபெட்டில் வீடு திரும்பினாய்; கல்யாண வேலையாக நானும் அங்கே இருந்தேன். மேலுதட்டின் நடுவில், ட்ரம்பெட் வாய் பதிகிற அதே இடத்தில், பிளந்துவிட்டது. "வேற ஆளை வச்சு ஊதிக்கிடலாம்" என்றேன். நீ உள்ளே கைகாட்டினாய். "ஊர்ப் பொண்ணுக்கெல்லாம் ஊதுனீயளே அப்பா, எனக்கு யாரு ஊதுவா?" என்று கேட்டிருந்த பிள்ளை அங்கே பூ கட்டிக்கொண்டிருந்தாள்.

அன்றோடு பேச்சை நிறுத்தினாய். சிரிப்பில்லை, மிளகாயில்லை, ஊறுகாயில்லை. வெதுவெதுப்பான தண்ணீர், கஞ்சி, நெய், மூக்குக்குக் கீழே சுற்றிய துண்டு. உரிந்து நின்ற தோலைப் பிய்க்கக் கை போனால் மறு கையால் பிடித்துக்கொள்வாய். "மாமனாரு ஆகப் போறியா, மௌனச் சாமியாரு ஆகப் போறியாலே?" என்று டிரம்காரன் கேட்டபோது சிரிப்பு முட்டி, இரண்டு விரலால் உதட்டைக் கவ்விக்கொண்டு கொல்லைப்புறம் ஓடினாய்.

ஆனால் கல்யாண வீட்டில் தகப்பன் "வாங்க" என்று சொல்லாமல் இருக்கலாமா? உன் பக்கத்தில் நின்று வந்தவர்களுக்கெல்லாம் நான்தான் "வாங்க" சொன்னேன். வ. புதுப்பட்டியிலிருந்து முதல் நாளே வந்த சம்பந்திக்கு அது பொறுக்கவில்லை. காபியைத் தொடவே இல்லை.

"பொண்ணு குடுக்குத வீட்டுலயே ஒரு வார்த்த இல்லையே. எங்களப் பாத்தா எளக்காரமா?"

"ஒதடு வெடிச்சிருக்கு அண்ணாச்சி..."

"ஒதட்டுப் புண்ணுக்கு ஊமையாவானா ஒருத்தன்?"

எனக்கே கோபம் வந்தது. "ஒரு வார்த்த சொல்லித் தொலையேம்லே! கல்யாணம் நின்னா யாருக்கு ஊதுவ?" என்று உன் காதில் சொன்னேன். நீ ஆறிப்போன காபியை எடுத்துப்போய், சூடாக மாற்றி, துண்டை அவிழ்த்துவிட்டு, இரண்டு கையாலும் அவர் முன் நீட்டினாய். அவர் உன் உதட்டை அருகில் பார்த்தார். பிறகு மூலையில் பளபளவென்று துடைத்து வைத்திருந்த ட்ரம்பெட்டைப் பார்த்தார். டம்ளரை வாங்கிக்கொண்டார்.

கல்யாணத்தன்று உனக்குப் பதிலாகத் தாய்மாமன் கையைப் பிடித்து உன் மகள் சர்ச்சுக்குள் நுழைய, நீ பீடத்தின் ஓரம் நின்று ஊதினாய். நான் சரக்கைக் கண்ணால் எடை போடுகிறவன். அந்தச் சத்தத்துக்கு என்னிடம் எடைக்கல் இல்லை. கொஞ்சமும் நடுங்காமல், மேலே கூரையைத் திறந்துகொண்டு போவது மாதிரி போனது. பக்கத்தில் நின்ற சம்பந்தி செருப்பில்லாத கால்களை ஒன்றாகச் சேர்த்து வைத்துக்கொண்டார்.

முடித்து நீ திரும்பியபோது மேலுதட்டில் ஒரு சொட்டு ரத்தம். நேராக அவரிடம் வந்து, "வாங்க சம்பந்தி" என்றாய்.

"பேசாதீய, பேசாதீய" என்று அவர் பதறித் தன் புது வேட்டி முனையை உன் உதட்டில் ஒற்றினார்.

காலையில் கடை ஷட்டரைத் தூக்கும்போது சில நாள் அந்த ட்ரம்பெட் சத்தம் எனக்குள் எழும்பும். வாசலில் வந்து நிற்கிற வியாபாரத்தைக் காக்க வைத்துப் பழகாதவன் நான். அந்த நாட்களில் மட்டும், வந்தவர் யாராயிருந்தாலும், நான் அதைக் கேட்டு முடிக்கும்வரை செத்த நேரம் நிற்கத்தான் வேண்டியிருக்கிறது.