அப்பா ஏறிய உன் வண்டி

நியூ டவுனில் மகள் வீட்டுக் குளியலறை அலமாரியில் ஒரு விளக்கெண்ணெய் பாட்டில் இருக்கிறது. "சுல் ரொம்பக் கொட்டுதுப்பா" என்று அவள் வாங்கி வைத்தது. முடிக்கு வங்காளிச் சொல்தான் அவள் வாயில் முதலில் வரும். நேற்றுக் காலை யாரோ மூடியைச் சரியாகப் போடாமல் விட்டதில் பாட்டில் சாய்ந்து தரையெல்லாம் எண்ணெய். துடைக்கக் குனிந்தேன். அந்த வாடை மூக்கில் ஏறியதும் உன் ஞாபகம் வந்துவிட்டது. மற்றவர்களுக்கு விளக்கெண்ணெய் என்றால் சின்ன வயதும் பேதிக்குக் குடித்ததும் நினைவுக்கு வரும். எனக்கு உன் அம்பாசிடரின் அடிப்பக்கமும், அதன் கீழிருந்து நீட்டிக்கொண்டிருந்த உன் இரண்டு கால்களும்தான். கூடவே எரிச்சலும் வந்தது. செத்துப்போனவன் மேல் எரிச்சல்படலாமா என்று நீ கேட்பாய். படுகிறேன், என்ன செய்யச் சொல்கிறாய்?

நம் இருவர் வண்டியும் ஒரே நாளில் வந்தவை. துறைமுக ஆபீஸில் கழித்துவிட்ட அம்பாசிடர்களை ஊழியர்களுக்கே கொடுத்தபோது ஆளுக்கொன்று எடுத்தோம். இரண்டும் ஒரே வெள்ளை, ஒரே கிழம், ஒரே லொடலொடப்பு. லேக் கார்டன்ஸில் நம் தெருவுக்குள் அவை அடுத்தடுத்து நுழைந்தபோது எதிர்வீட்டுக்காரர் கல் லாரி வருகிறது என்று நினைத்து ஜன்னலைச் சாத்தினார். அன்று நாம் இருவரும் சேர்ந்து சிரித்தோம். நமக்குள் ஏற்றத்தாழ்வு எதுவும் இல்லாதிருந்த கடைசி நாள் அதுதான் என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அம்மா போன பிறகு அப்பா பாளையங்கோட்டையை விட்டு என்னிடம் வந்தார். முதுகெலும்பு தேய்ந்திருந்தது. சனிக்கிழமைதோறும் பவானிபூரில் ஒரு டாக்டரிடம் கரண்ட் வைத்துக்கொள்ளப் போக வேண்டும். தொண்ணூறுகளின் நடுவில் அந்தச் சாலைகள் எப்படி இருந்தன என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. டிராம் தண்டவாளத்தின் மேல் ஏறி இறங்கும்போதெல்லாம் என் வண்டியின் பின்பக்கம் யாரோ பாத்திரக்கடையைக் கவிழ்த்தது போலிருக்கும். அப்பா சீட்டின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வார். "ஏலே, இது வண்டியா மாவு மில்லா? பைய ஓட்டுல" என்பார். அதற்கு மேல் பேச்சு கிடையாது. பேசினாலும் கேட்காது.

ஒரு சனிக்கிழமை என் வண்டியில் பேட்டரி இறங்கிவிட்டது. நான் பானெட்டைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றபோது நீ வந்தாய். "நான் கூட்டிட்டுப் போயிட்டு வர்றேன், நீ பேட்டரியப் பாரு" என்றாய். உதவிதான், இல்லையென்று சொல்லவில்லை. திரும்பி வந்த அப்பா படியில் கைப்பிடியைத் தொடாமல் ஏறினார். "ஜமக்காளத்து மேல போன மாதிரி இருந்துச்சும்மா" என்று என் மனைவியிடம் காபி வாங்கிக் குடித்தபடி சொன்னார். அடுத்த சனிக்கிழமை என் வண்டியில் பேட்டரி நன்றாக இருந்தது. அப்பா சட்டையும் மேல்துண்டுமாகத் தயாராகி, உன் வீட்டு வாசலைப் பார்த்து நின்றார்.

நீ அந்த வண்டியை என்னவெல்லாம் செய்திருந்தாய் என்பது எனக்குத் துண்டு துண்டாகத்தான் தெரிந்தது. பின்பக்கத்துப் பாரத்தைத் தாங்கும் கமான் பட்டைகளைக் கழற்றித் துருவைத் தேய்த்தெடுத்தாய். துறைமுகத்தில் கிழிந்துபோனதென்று ஒதுக்கிய கன்வேயர் பெல்ட்டை வார் வாராக அறுத்துப் பட்டைகளுக்கு நடுவே செருகினாய். மல்லிக் பஜாரில் அலைந்து, பழைய ஷாக் அப்சார்பருக்குப் பதிலாக நீளமான புது மாதிரி ஒன்றை வாங்கி மாட்டினாய். மூட்டுகளில் தேய்ந்துபோன ரப்பர் புஷ்களை எல்லாம் மாற்றினாய். கீச்சென்ற சத்தம் எங்கே மிச்சம் இருக்கிறது என்று ஞாயிறு முழுக்கக் காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டு கிடப்பாய். "ஒரு சத்தத்த அடக்குனாத்தான்டா அடுத்த சத்தம் காதுக்கு வரும்" என்று சொல்வாய். கல்யாணமாகாத ஆள், உனக்கு நேரம் இருந்தது என்று நான் வீட்டில் சொல்லிக்கொண்டேன்.

ஒரு முறை நானும் உங்களோடு வந்தேன், ஞாபகம் இருக்கிறதா? பின் சீட்டில் உட்கார்ந்தேன், முன்னால் உன் பக்கத்தில் அப்பா. வண்டி நகர்ந்ததே தெரியவில்லை. கேட்டதெல்லாம் அப்பாவின் குரல்தான். சின்ன வயதில் டூரிங் டாக்கீஸில் டிக்கெட் கிழிக்கும் வேலை பார்த்ததையும், மழையில் கூடாரம் சரிந்தபோது மணலில் உட்கார்ந்திருந்த ஜனங்கள் எழுந்திருக்காமல் மிச்சப் படத்தையும் ஓட்டச் சொல்லிச் சண்டை பிடித்ததையும் சொன்னார். நீ "ஆத்தாடி!" என்று ஸ்டியரிங்கில் தட்டிச் சிரித்தாய். அப்பா டிக்கெட் கிழித்த கதை எனக்குத் தெரியாது. தபால் ஆபீஸ் உத்தியோகத்தோடு பிறந்தவர் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அன்று இன்னொன்றையும் கவனித்தேன். முதலில் அவரை ஐயா என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாய். எப்போது அப்பா ஆனார்? யாரைக் கேட்டு ஆனார்?

வண்டிதான் காரணம் என்று முடிவு கட்டினேன். என் வண்டியும் சத்தம் போடாமல் ஓடினால் அப்பா என் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவார், அவ்வளவுதானே? உன்னிடம் கேட்டிருந்தால் ஒரு நாளில் முடிந்திருக்கும். உன்னிடமா, நானா? பவானிபூரில் நிமாய்தாவின் காரேஜுக்குப் போய், பின்னால் கமான் பட்டையில் இன்னும் ஒரு பட்டை ஏற்றச் சொன்னேன். பட்டை கூடினால் பலம் கூடும், பலம் கூடினால் ஆட்டம் குறையும் என்பது என் கணக்கு. நிமாய்தா தலையைச் சொறிந்தார். நான் பிடிவாதம் பிடித்தேன். காளிகாட் பக்கம் டிராம் லைனைத் தாண்டியபோது அப்பாவின் தலை கூரையில் இடித்தது. அதன் பிறகு ஒரு வாரம் அவர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் உச்சந்தலையைத் தடவிக்கொண்டார்.

பிறகு மொட்டை மாடியிலிருந்து உன்னை வேவு பார்த்தேன். நீ ஒரு சின்ன பாட்டிலிலிருந்து எண்ணெயைப் பழைய இங்க் ஃபில்லரில் உறிஞ்சி, புஷ்களில் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டிருந்தாய். இவ்வளவுதானா ரகசியம் என்று கீழே இறங்கி வந்தேன். வங்காளத்துச் சமையலறையில் நீட்டிய கைக்கு அகப்படுவது எந்த எண்ணெய்? கடுகெண்ணெய். நீ சொட்டு விட்டால் நான் குளிப்பாட்டினேன். முதலில் கீச்சுச் சத்தமெல்லாம் நின்றது. அப்பாவிடம் மீசையை முறுக்காத குறைதான். ஆனால் ரப்பர் கடுகெண்ணெயைக் குடித்துக் குடித்து ஊதி, தொட்டால் விரலோடு வழித்துக்கொண்டு வரும் நிலைக்குப் போய்விட்டது. லொடலொடப்பு இரண்டு பங்காகத் திரும்பி வந்தது.

நிமாய்தா ஒரு புஷ்ஷைக் கையில் எடுத்து முகர்ந்து பார்த்தார். "தாதா, ஷோர்ஷேர் தேல்! இலிஷ் மாச் பாஜ்பேன் நாகி?" என்றார். கடுகெண்ணெய் ஊற்றி வண்டியில் ஹில்சா மீன் வறுக்கப் போகிறீர்களா என்று கேட்டுவிட்டு அவரே சிரித்தார். டீக்கடை வரை அந்தக் கதை போனது. டீக்கடையிலிருந்து உன்னிடம் வந்தது.

அந்த ஞாயிறு நீ கூப்பிடாமலே வந்தாய். கையில் புது புஷ்களும் கன்வேயர் பெல்ட் துண்டுகளும் விளக்கெண்ணெயும். நான் ஏற்றிய பட்டையைக் கழற்றி ஓரமாக வைத்தாய், அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் உன்னோடு சண்டையாவது போட்டிருக்கலாம். "டேய், கடுகெண்ண பட்டா ரப்பர் ஊறிப் போயிரும். வெளக்கெண்ண ரப்பர ஒண்ணும் பண்ணாது" என்று மட்டும் வண்டிக்கு அடியிலிருந்து உன் குரல் வந்தது. அப்பா பிரம்பு மோடாவை இழுத்துப் போட்டு உன் கால்மாட்டில் உட்கார்ந்து, ஃபில்லரை நிரப்பி நிரப்பிக் கொடுத்தார். முதுகுவலிக்காரர் சாயங்காலம் வரை குனிந்து நிமிர்ந்துகொண்டிருந்தார். என் வண்டிக்கு வேலை நடந்தது, நான் டீ வாங்கி வந்தேன்.

அடுத்த சனிக்கிழமை அப்பாவை என் வண்டியில் ஏற்றினேன். முன் சீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். நீ செய்த வேலை, குறை சொல்ல முடியாது. தண்டவாளம் வந்தது, போனது. வெளியே பஸ் கண்டக்டர் கத்துவது தெளிவாகக் கேட்டது. அப்பாவின் மூச்சு கேட்டது. "எப்படிப்பா இருக்கு?" என்றேன். "நல்லாருக்கு" என்றார். ஹாஜ்ரா நாற்சந்தியில் சிக்னலுக்கு நின்றோம். டிக்கெட் கிழித்த கதையைக் கேட்கலாமா என்று நினைத்தேன். மகன் அதைப் போய் எப்படிக் கேட்பது, அதுவும் ஒட்டுக்கேட்ட கதையை? "வலி எப்படி இருக்கு?" என்றேன். "பரவால்ல" என்றார். அவர் தன் பக்கத்து ஜன்னலைப் பார்த்தார், நான் ரோட்டைப் பார்த்தேன். போகும்போதும் பேச்சில்லை, வரும்போதும் பேச்சில்லை. இத்தனை நாள் சத்தத்தின் மேல் பழியைப் போட்டுக்கொண்டிருந்தேன், இப்போது அதுவும் இல்லை. வீட்டு வாசலில் இறங்கும்போது அப்பா கதவைப் பிடித்துக்கொண்டு, "அடுத்த வாரம் அவம் வருவாம்லா?" என்றார்.

அப்புறம் எல்லாச் சனிக்கிழமையும் உன்னுடையதுதான். அப்பா ஒரு குளிர்காலத்தில் போனார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு, "அப்பா உன்னப் பத்திப் பேசுவாருடா, சொல்லட்டுமா?" என்று கேட்டாய். வேண்டாம் என்று உள்ளே போய்விட்டேன். என் அப்பாவை உன் கையால் எடுத்து என் இலையில் பரிமாறுவாயா? அந்தக் கோபம் நியாயமானது என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

வருடங்கள் ஓடின. வண்டிகள் இரண்டும் போயின. நாம் இருவரும் ரிட்டையர் ஆனோம். போன வருடம் ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடு நீ கிடந்தபோது, இனி விட்டால் கேட்க ஆளில்லை என்று எனக்குத் தெரிந்தது. ஆரஞ்சு உரித்துக்கொண்டே, ஏதோ சாதாரண விஷயம் போல, "அப்பா என்னப் பத்தி என்ன சொல்வாரு?" என்று கேட்டேன். உன் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு.

"உன் வண்டியப் பத்தித்தான்டா. சாயங்காலம் தெருமுனையில லொடலொடன்னு கேட்டதும், 'எம்பய வந்துட்டாம்'னு எந்திரிச்சு சட்டையப் போட்டுக்கிட்டு முன் ரூமுக்கு வந்து உக்காருவாராம். ரப்பர் வச்சதுக்கப்புறம் நீ வர்றதே தெரியலையாம். உள்ள நொழஞ்சு லைட்டப் போட்டதுக்கப்புறந்தான் தெரியுதாம். 'அவம் வண்டிய ஏம்டே ஊமையாக்குன'ன்னு வாராவாரம் என்னத்தான் வஞ்சாரு."

"அப்பவே ஏன்டா சொல்லல?"

"சொல்ல வந்தேன், நீ எங்க கேட்ட? அதுவுமில்லாம, சொன்னா நீ மறுபடியும் கடுகெண்ணய ஊத்தியிருப்ப. எம்புட்டுக் கஷ்டப்பட்டு செஞ்ச வேல!" என்று சிரித்தாய். இருமல் வந்தது. நர்ஸ் வந்து என்னை வெளியே போகச் சொன்னாள்.

கையில் உரித்த ஆரஞ்சோடு வராண்டாவில் நின்றேன். அழுகை வரவில்லை, முதலில் வந்தது பொறாமைதான். எனக்காகச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவர், அதை என்னிடம் ஒரு நாளும் சொல்லவில்லை. உன்னிடம் வாராவாரம் சொல்லியிருக்கிறார். அடுத்த வாரமே நீயும் போய்விட்டாய்.

அந்த இரண்டு வார்த்தையை வைத்துக்கொண்டுதான் இப்போது இருக்கிறேன். "எம்பய வந்துட்டாம்." சாயங்காலத்தில் இங்கே பால்கனியில் தனியாக உட்கார்ந்து அப்பாவின் குரலில் அதைக் கேட்டுப் பார்க்கிறேன். ஏலே போட்டு, இழுத்து, அவர் மூச்சு வாங்குவது போல வாங்கியெல்லாம் பார்த்துவிட்டேன். என் காதில் அது உன் குரலில்தான் விழுகிறது.