சீலன் இழுத்துப் பாடின மெட்டு

1996 தை (ஜனவரி) 7, ஞாயிறு

வழுக்கல் பனி. இங்கே வெக்ஸ்போர்ட்டில் சிவா வீட்டு பேஸ்மென்டில் வசந்தன் பழகினோம், கோல் தட்டி வட்டமாகச் சுற்றி ஆடுகிற எங்கள் ஊர் ஆட்டம். வந்தவர்கள்: பழக்குகிற விமலன், சிவா, கண்ணன், இரண்டு குகன்மார், கீபோர்ட் ரவி, என் மகள் தவம், நான். மற்ற ஆட்டக்காரருக்கு ஷிப்ட் வேலையாம்.

ஊரில் ஆம்பிளைகள்தான் ஆடுவார்கள். நான் கேட்டே பாடமாக்கினவள். பன்னிரண்டில் பதினொரு மெட்டுப் பாடிக் கொடுத்தேன்.

"கடைசி மெட்டு, அன்ரி? சீலன் பாடுறது?" என்றான் விமலன்.

நேரமாகிவிட்டது என்று கோட்டை மாட்டினேன்.

தை 10

கடுகு, மா முடிந்தது. முழங்கால் நோ.

என் மகன் சீலன் செத்து ஒன்பது வருஷம். படம் ஒன்று இருக்கிறது. குரல் இல்லை. அந்த மெட்டை நினைத்தால் மட்டும் அவன் குரல் காதில் வரும். அதனால்தான் ஒருத்தருக்கும் கொடுக்கவில்லை.

தவம்: "நீங்களும் போனா அதுவும் போயிடும், அம்மா."

வாயைப் பார். ஆனாலும் போனில் விமலனுக்குப் பாடினேன். மூன்று தரம். அழுதான்.

"மெதுவா, தம்பி. ஏனெண்டு உனக்குத் தெரியும்தானே."

"ஓம், அன்ரி."

தெரியாமல் என்ன. விமலனுக்குச் சின்னனிலிருந்தே ஒரு கால் இழுவை. ஆட்டத்தில் சீலன் அவனுக்குச் சோடி. விமலன் சுற்றி வந்து சேருமட்டும் சீலன் மெட்டை இழுத்துப் பாடுவான்.

தை 13, சனி. பொங்கல் விழா

மண்டபம் நிறைந்த சனம். வடைக்குள் வேகாத பச்சை மா. கடைசி மெட்டு வந்தது. விமலன் இழுக்கவில்லை, ஒரே ஓட்டமாய்ப் பாடினான். கோல்கள் படபடவென்று. ரவியின் கீபோர்ட்டில் மேளச் சத்தம். தவமும் கை தட்டினாள்.

பக்கத்து மனுசி: "சோக்கா இருக்கு, என்ன? டிஸ்கோ மாதிரி!"

விமலனைப் பிடித்தேன். "என்னடா செய்தனீ?"

"மண்டபத்தை எட்டு மணிக்கு விடவேணும், அன்ரி. இழுத்தால் சனம் எழும்பிப் போயிடும்."

தை 14

பனி கொட்டுகிறது. வெங்காயம் வெட்டிக்கொண்டு சீலனை நினைத்தேன். மெட்டும் வரவில்லை, அவன் குரலும் வரவில்லை. நேற்றைய ஓட்டம்தான் வருகிறது. கண்ணை மூடினேன். அதே கீபோர்ட். யார் எந்தக் கலியாணத்தில் என்ன சொன்னார்கள் என்று எல்லாம் ஞாபகம் இருக்கிற எனக்கு.

விமலன் போன். "சனம் திரும்பக் கேக்குது, அன்ரி. சித்திரையில ஆடுவம்."

"அதை மெதுவா ஒருக்காப் பாடிக் காட்டு, தம்பி." கெஞ்சினேன். நான்.

தொடங்கினான். ஓட்டம். திரும்பத் தொடங்கினான். ஓட்டம்.

"இப்ப இப்பிடித்தான் வருது," என்று சிரித்தான்.

தவத்தை மன்னித்து விடலாம், பெத்த பிள்ளை. ரவிக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் அந்த மெட்டு யாருடைய காலுக்காக இழுபட்டதோ, அவனை மன்னிக்க மாட்டேன். விமலனை.